அமில, காரத் தாக்கங்களுக்குச் சொற்சமன்பாடு எழுதும் முறை

விஞ்ஞான வினாத்தாளில் “சொற்சமன்பாடு எழுதுக” என்று வந்தவுடன் பல பிள்ளைகள் மனப்பாடம் செய்த வரி ஒன்றைத் தேடுகிறார்கள். மகனீசியத்துக்கு ஒரு வரி, நாகத்துக்கு ஒரு வரி, சுண்ணாம்புக்கு ஒரு வரி என்று கொப்பி நிறைய வரிகள் சேர்ந்திருக்கும். கேள்வியில் பொற்றாசியம் வந்துவிட்டால் கை நின்றுவிடும். அத்தனை வரிகளும் தேவையில்லை. அமிலத்தோடு சேரும் பொருள் எந்த இனம் என்று பார்க்கப் பழகினால், மிச்சத்தை அந்த இடத்திலேயே ஆக்கி எழுதலாம்.

சாதாரண தரத்துக்குப் படிக்கத் தொடங்குபவர்களுக்கும், வீட்டில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறோம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் கைக்கெட்டும் பொருள்களைக் கூடியவரை உதாரணமாக எடுத்திருக்கிறோம். வெற்றிலைச் சுண்ணாம்பும் வினாகிரியும் அப்பச்சோடாவும் இருந்தாலே பாதிப் பாடத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

முதலில் எழுதும் ஒழுங்கு

அம்புக்குறிக்கு இடப்பக்கம் தாக்கிகள், வலப்பக்கம் விளைவுகள். நடுவில் சமன் அடையாளம் போடக்கூடாது, அம்புக்குறிதான். பொருள்களின் பெயர் மட்டுமே வரலாம். “நுரைக்கும்”, “சூடாகும்”, “நீலநிறமாகும்” என்பவை அவதானங்கள். அவற்றைக் கீழே தனி வரியில் எழுதுங்கள். எண்களும் வேண்டாம். “இரண்டு ஐதரோக்குளோரிக் அமிலம்” என்று எழுதினால் அது சொற்சமன்பாடும் இல்லை, குறியீட்டுச் சமன்பாடும் இல்லை.

வீட்டுப் பெயரையும் இரசாயனப் பெயராக மாற்றி எழுத வேண்டும். வினாகிரி என்பது அசற்றிக் அமிலமும் நீரும் சேர்ந்த கரைசல். சமன்பாட்டில் அசற்றிக் அமிலம் என்றே எழுதுங்கள். அப்பச்சோடா சோடியம் இருகாபனேற்று. சலவைச் சோடா சோடியம் காபனேற்று. எரிசோடா சோடியம் ஐதரொட்சைட்டு. வெற்றிலைச் சுண்ணாம்பு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, கல்சியம் ஐதரொட்சைட்டு. முட்டை ஓடு, மட்டி ஓடு, சிப்பி, முருகைக்கல் எல்லாவற்றிலும் பெரும்பகுதி கல்சியம் காபனேற்று.

படி 1: அமிலத்தைப் பிடியுங்கள்

உப்பின் பெயரில் பின்பாதி அமிலத்திலிருந்துதான் வரும். இதை மட்டும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்:

ஐதரோக்குளோரிக் அமிலம் – குளோரைட்டு
சல்பூரிக் அமிலம் – சல்பேற்று
நைத்திரிக் அமிலம் – நைத்திரேற்று
அசற்றிக் அமிலம் – அசற்றேற்று
பொஸ்போரிக் அமிலம் – பொஸ்பேற்று
சித்திரிக் அமிலம் (தேசிக்காய்ப் புளி) – சித்திரேற்று

அதிகம் புள்ளி போகும் இடம் சல்பேற்றும் சல்பைட்டும். சல்பைட்டில் உலோகமும் கந்தகமும் மட்டுமே. சல்பேற்றில் ஒட்சிசனும் உண்டு. சல்பூரிக் அமிலத்தில் ஒட்சிசன் இருக்கிறது, அது கந்தகத்தை விட்டுப் பிரியாமல் உப்புக்குள் அப்படியே போகிறது. ஆகவே ஐதான (நீர் சேர்த்துச் செறிவு குறைத்த) சல்பூரிக் அமிலம் உலோகத்தோடோ மூலத்தோடோ சேர்ந்து உப்பைத் தந்தால் அது சல்பேற்றுத்தான்.

படி 2: கூட வருவது எந்த இனம்?

இந்தப் படியில்தான் விடை தீர்மானமாகிறது. பெயரின் கடைசிச் சொல்லைப் பாருங்கள்.

கடைசிச் சொல் எதுவும் இல்லாமல் தனி உலோகப் பெயர் மட்டும் இருந்தால் உலோகம். “ஒட்சைட்டு” என்று முடிந்து முன்னால் உலோகம் இருந்தால் உலோக ஒட்சைட்டு. “ஐதரொட்சைட்டு” என்றால் ஐதரொட்சைட்டு. “காபனேற்று” அல்லது “இருகாபனேற்று” என்றால் அவை இரண்டும் ஒரே கூட்டம். அமோனியா மட்டும் இந்த வரிசைக்குள் அடங்காது. அதைப் பின்னால் பார்ப்போம்.

உலோக ஒட்சைட்டுகளும் ஐதரொட்சைட்டுகளும் மூலங்கள். அவற்றுள் நீரில் கரைபவை காரங்கள். செப்பு ஒட்சைட்டு நீரில் கரையாது. அது மூலம், காரம் அல்ல. சோடியம் ஐதரொட்சைட்டு இரண்டும்தான். “எல்லாக் காரங்களும் மூலங்கள், எல்லா மூலங்களும் காரங்கள் அல்ல” என்ற வரியைச் சொல்லத் தெரிந்தவர்கள்கூட, செப்பு ஒட்சைட்டுக்கு, காரத்தில் நீலமாகும் சிவப்புப் பாசிச்சாயத்தாள் நீலமாகும் என்று எழுதிவிடுகிறார்கள். கரையாத தூள் தாளை மாற்றாது.

படி 3: உப்புக்குப் பெயர் வையுங்கள்

முன்பாதி உலோகத்தின் பெயர், பின்பாதி அமிலம் தந்த பெயர். பொற்றாசியம் ஐதரொட்சைட்டும் நைத்திரிக் அமிலமும் என்றால் பொற்றாசியம் நைத்திரேற்று. வேறு யோசனை தேவையில்லை.

இரும்பு, செம்பு போன்ற சில உலோகங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வலுவளவு (இணையும் திறனைக் காட்டும் எண்) உண்டு. ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்தோடு இரும்பு தருவது வலுவளவு 2 உள்ள இரும்புக் குளோரைட்டு. உங்கள் ஆசிரியர் உலோகப் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் உரோம இலக்கம் போடச் சொன்னால் அதையும் போடுங்கள். 3 என்று போட்டால் பிழை.

படி 4: உப்போடு கூட வருவது

உலோகம் + அமிலம் → உப்பு + ஐதரசன்
உலோக ஒட்சைட்டு + அமிலம் → உப்பு + நீர்
உலோக ஐதரொட்சைட்டு + அமிலம் → உப்பு + நீர்
காபனேற்று அல்லது இருகாபனேற்று + அமிலம் → உப்பு + நீர் + காபனீரொட்சைட்டு

படி 5: மூலகங்களைக் கணக்குப் பாருங்கள்

எழுதி முடித்ததும் இடப்பக்கத்தில் இருக்கும் மூலகங்கள் எல்லாம் வலப்பக்கத்தில் இருக்கின்றனவா, புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். “மகனீசியம் + ஐதரோக்குளோரிக் அமிலம் → மகனீசியம் குளோரைட்டு + நீர்” என்று எழுதியிருந்தால் இந்தப் படியில் பிடிபட்டுவிடும். நீருக்கு ஒட்சிசன் வேண்டும்; மகனீசியத்திலும் இல்லை, ஐதரோக்குளோரிக் அமிலத்திலும் இல்லை. காபனேற்றுக்கு வெறும் “உப்பு + நீர்” என்று நிறுத்தியிருந்தால் காபன் எங்கே போனது என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பரீட்சை மண்டபத்தில் மனப்பாடத்தை விட நம்பகமாக உதவும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

சமன்பாட்டின் வலப்பக்கத்தில் எழுதும் ஒவ்வொரு பெயரும் உண்மையிலேயே உண்டாகிறதா என்று சோதிக்க முடிந்தால் அது மறக்காது. காபனேற்றிலிருந்து தொடங்குங்கள், அது பாதுகாப்பானது.

ஒரு மட்டத் தேக்கரண்டி அப்பச்சோடா ஏறத்தாழ 5 கிராம். கடை வினாகிரியில் அசற்றிக் அமிலம் 4 முதல் 5 சதவீதம் இருக்கும். அப்படியானால் 5 கிராமும் தாக்கி முடிய 70 முதல் 90 மில்லிலீற்றர் வினாகிரி வேண்டும். வெளிவரும் காபனீரொட்சைட்டு அறை வெப்பநிலையில் 1.4 லீற்றர் அளவு. ஆகவே மூடியை இறுக்கிய போத்தலில் இதைச் செய்யாதீர்கள், போத்தல் வெடிக்கும். வாய் அகன்ற யோகட் கோப்பையோ திறந்த போத்தலோ போதும்.

சோடியம் இருகாபனேற்று + அசற்றிக் அமிலம் → சோடியம் அசற்றேற்று + நீர் + காபனீரொட்சைட்டு

நுரை நின்ற பிறகு அடியில் வெள்ளைத் தூள் மிஞ்சியிருந்தால் சோடா கூடிவிட்டது, அமிலம் தீர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் வினாகிரி ஊற்றினால் திரும்ப நுரைக்கும். தூள் இல்லாமல் புளித்த மணம் மட்டும் நின்றால் அமிலம் கூடிவிட்டது.

வந்த வாயு காபனீரொட்சைட்டுத்தான் என்று காட்டச் சுண்ணாம்பு நீர் வேண்டும். கொதிக்க வைத்து ஆறிய நீர் 250 மில்லிலீற்றரை ஒரு போத்தலில் எடுத்து, வெள்ளை வெற்றிலைச் சுண்ணாம்பு கால் தேக்கரண்டி போட்டு, மூடிக் குலுக்கி, ஓர் இரவு விடுங்கள். கல்சியம் ஐதரொட்சைட்டு ஒரு லீற்றர் நீரில் 2 கிராமுக்கும் குறைவாகவே கரையும், அதனால் அடியில் மண்டி தங்குவது இயல்பு. மேலே தெளிந்த நீரை மட்டும் கலங்காமல் வார்த்தெடுங்கள். நுரைத்துக்கொண்டிருக்கும் போத்தலைச் சுண்ணாம்பு நீர் உள்ள கண்ணாடிக் குவளைக்கு மேல் சரித்து, திரவம் விழாமல் வாயுவை மட்டும் “ஊற்றி”க் குவளையைச் சுழற்றுங்கள். இந்த வாயு வளியை விடப் பாரமானது, குவளைக்குள் இறங்கும். நீர் பால்நிறமாகும்.

கல்சியம் ஐதரொட்சைட்டு + காபனீரொட்சைட்டு → கல்சியம் காபனேற்று + நீர்

வெள்ளையாகத் தெரிவது கரையாத கல்சியம் காபனேற்று. வாயு மேலும் மேலும் சேர்ந்தால் கலங்கல் மறைந்து திரும்பத் தெளியும், ஏனென்றால் கரையக்கூடிய கல்சியம் இருகாபனேற்று உண்டாகிறது. “என் சுண்ணாம்பு நீர் கலங்கவே இல்லை” என்பவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான், கலங்கித் தெளிந்ததைக் கவனிக்கவில்லை. மற்றக் காரணம் பழைய சுண்ணாம்பு. திறந்து வைத்த சுண்ணாம்பு வளியிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்து மெல்ல மெல்லக் காபனேற்றாக மாறிவிடும். சோதிப்பது சுலபம்: கடுகளவு சுண்ணாம்பில் ஒரு துளி வினாகிரி விடுங்கள். நல்ல சுண்ணாம்பு நுரைக்காமல் கரையும், பழையது நுரைக்கும். அமிலத்தோடு ஐதரொட்சைட்டும் காபனேற்றும் வேறு வேறு விளைவு தருகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

கல்சியம் ஐதரொட்சைட்டு + அசற்றிக் அமிலம் → கல்சியம் அசற்றேற்று + நீர்
கல்சியம் காபனேற்று + அசற்றிக் அமிலம் → கல்சியம் அசற்றேற்று + நீர் + காபனீரொட்சைட்டு

வாவிக்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் மட்டி ஓட்டை உரலில் இடித்து வினாகிரியில் போட்டாலும் இரண்டாவது தாக்கம் நடக்கும். முழு ஓடு மிக மெதுவாகவே குமிழி விடும், தூள் வேகமாக விடும். முருகைக்கல்லை உடைத்து எடுக்க வேண்டாம். கரையோர வலயத்தில் அதை அகழ்வது சட்டப்படி குற்றம். கிணற்றுத் தண்ணீர் கொதித்துக் கொதித்துக் கேத்தலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படிவிலும் பெரும்பகுதி கல்சியம் காபனேற்றுத்தான். வினாகிரியில் அது கரைந்து போவதற்கும் மேலே உள்ள வரியே சமன்பாடு.

நிறங்காட்டிக்குப் பாசிச்சாயத்தாள் இல்லையென்றால் செவ்வரத்தம் பூ இதழ்கள் நாலைந்தைச் சுடுநீரில் ஊறவிட்டு வடியுங்கள். அமிலத்தில் இளஞ்சிவப்பாகும், காரத்தில் பச்சையாகும். மஞ்சள்தூளும் உதவும், ஆனால் பாதிதான்: காரத்தில் செம்மண் நிறமாகும், அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சளாகவே இருக்கும். மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்தால் ஆலாத்தித் தண்ணீர் சிவப்பது இதனால்தான்.

ஆய்கூடத்தில் மட்டும்

ஐதான ஐதரோக்குளோரிக், சல்பூரிக் அமிலங்களை வீட்டில் எடுக்காதீர்கள். ஆய்கூடத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருக்க, கண்ணாடி அணிந்து செய்யுங்கள். அமிலத்தை ஐதாக்கும்போது நீருக்குள் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். செறிந்த சல்பூரிக் அமிலத்துக்குள் நீரை ஊற்றினால் வெப்பத்தில் நீர் கொதித்து அமிலத்தைத் தெறிக்க வைக்கும்.

3 சென்ரிமீற்றர் மகனீசிய நாடாவை 5 மில்லிலீற்றர் ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்தில் போட்டால் கணத்தில் குமிழி எழும். பரிசோதனைக் குழாயின் வாயைப் பெருவிரலால் சில செக்கன் தளர்வாக மூடி, எடுத்தவுடன் எரியும் ஈர்க்கை அருகே கொண்டுபோங்கள். “பொப்” என்ற ஒலி ஐதரசனுக்குச் சாட்சி. சத்தம் வராவிட்டால் நாடா முடிந்த பிறகு வாயு தப்பிப் போயிருக்கும். அல்லது நாடாவின் மேல் ஒட்சைட்டுப் படை இருந்து தாக்கம் பிந்தியிருக்கும். மணல் தாளால் தேய்த்த பிறகே நாடாவைப் போடுங்கள்.

மகனீசியம் + ஐதரோக்குளோரிக் அமிலம் → மகனீசியம் குளோரைட்டு + ஐதரசன்

அமிலமும் காரமும் சேர்ந்து உப்பும் நீரும் தரும் நடுநிலையாக்கலில் குமிழியும் இல்லை, நிறமும் இல்லை. அதனால் ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும். வெப்பமானி வையுங்கள். லீற்றருக்கு 1 மூல் செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டு 25 மில்லிலீற்றரையும் அதே செறிவுள்ள ஐதரோக்குளோரிக் அமிலம் 25 மில்லிலீற்றரையும் பொலிஸ்ரைரீன் கோப்பையில் கலந்தால் வெப்பநிலை 6 முதல் 7 பாகை செல்சியஸ் ஏறும். காரத்தில் முதலே இரண்டு துளி பினோத்தலீன் என்ற நிறங்காட்டி விட்டிருந்தால் இளஞ்சிவப்பு நிறம் மறைவதையும் பார்க்கலாம்.

சோடியம் ஐதரொட்சைட்டு + ஐதரோக்குளோரிக் அமிலம் → சோடியம் குளோரைட்டு + நீர்

கிடைப்பது சமையல் உப்பின் கரைசல்தான் என்றாலும் நாக்கில் வைக்காதீர்கள். அமிலமோ காரமோ மிஞ்சியிருக்கும்.

தாளில் சரி, குழாயில் நடக்காது

மேலே சொன்ன ஐந்து படிகளும் பெயர்களைச் சரியாகத் தரும். தாக்கம் நடக்குமா என்பதை அவை சொல்லமாட்டா. இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள்தான் செம்பை ஐதரோக்குளோரிக் அமிலத்தில் போட்டுச் “செப்புக் குளோரைட்டு + ஐதரசன்” என்று எழுதுகிறார்கள். உலோகங்களைத் தாக்குதிறன் கூடியதிலிருந்து குறைந்ததுவரை அடுக்கிய தாக்குதிறன் தொடரில் ஐதரசனுக்குக் கீழே இருக்கும் செம்பு, வெள்ளி, பொன் ஆகியவை ஐதான அமிலத்திலிருந்து ஐதரசனை வெளியேற்றா. அங்கே விடை “தாக்கம் இல்லை”. சோடியமும் பொற்றாசியமும் மறுமுனை. அவை அமிலத்தோடு வெடிக்கும் அளவுக்குத் தாக்கும், யாரும் செய்து காட்டக்கூடாது.

நைத்திரிக் அமிலம் ஒரு விதிவிலக்கு. அது உலோகங்களோடு சேரும்போது பொதுவாக ஐதரசன் வராது, நைதரசனின் ஒட்சைட்டுகள் வரும். செம்பைக்கூட அது தாக்கும், கபிலநிறப் புகை எழும். ஆகவே “உலோகம் + அமிலம் → உப்பு + ஐதரசன்” என்ற வரியை நைத்திரிக் அமிலத்துக்குப் போடாதீர்கள். ஒட்சைட்டு, ஐதரொட்சைட்டு, காபனேற்றோடு நைத்திரிக் அமிலம் மற்ற அமிலங்களைப் போலவே நடக்கும்.

மூன்றாவது, தொடங்கி நின்றுவிடும் தாக்கங்கள். கல்சியம் காபனேற்றாலான சலவைக்கல் துண்டை ஐதான சல்பூரிக் அமிலத்தில் போட்டால் முதலில் நுரைத்துப் பிறகு அடங்கிவிடும். உண்டாகும் கல்சியம் சல்பேற்று நீரில் மிகக் குறைவாகவே கரைவதால் கல்லின் மேல் படையாகப் படிந்து அமிலத்தைத் தடுக்கிறது. காபனீரொட்சைட்டுத் தயாரிக்க ஐதரோக்குளோரிக் அமிலத்தை எடுப்பதன் காரணம் இதுவே. ஈயமும் இதே மாதிரி, ஈயச் சல்பேற்றுப் படையால் நின்றுவிடும்.

அமோனியாவும் வயலும்

அமோனியா வாயு அமிலத்தோடு சேர்ந்தால் உப்பு மட்டுமே வரும், நீர் வராது.

அமோனியா + சல்பூரிக் அமிலம் → அமோனியம் சல்பேற்று

உப்பின் பெயரில் “அமோனியா” இல்லை, “அமோனியம்”. இந்த ஓர் எழுத்துக்குப் புள்ளி போகும்.

அமோனியம் சல்பேற்று நெல்லுக்குப் போடும் பசளைகளில் ஒன்று. அமிலத்தன்மை கூடிய மண்ணுக்குச் சுண்ணாம்போ டொலமைற்றோ இடுவதும் உண்டு. இரண்டையும் ஒரே வேளையில் கலந்து வீசினால் நட்டம், காரணத்தைச் சமன்பாடே சொல்லும்:

கல்சியம் ஐதரொட்சைட்டு + அமோனியம் சல்பேற்று → கல்சியம் சல்பேற்று + நீர் + அமோனியா

காசு கொடுத்து வாங்கிய நைதரசன் அமோனியாவாக வளியோடு போய்விடுகிறது. காரமும் அமோனியம் உப்பும் சேர்ந்தால் உப்பு, நீர், அமோனியா என்ற பொது வரியும் இதிலிருந்து கிடைக்கிறது. ஈரமான சிவப்புப் பாசிச்சாயத்தாளை வாயுவில் பிடித்தால் நீலமாகும்.

வீட்டில் ஒருபோதும் கலக்கக்கூடாதது ஒன்று உண்டு. மலசலகூடம் கழுவும் திரவங்கள் சிலவற்றில் ஐதரோக்குளோரிக் அமிலம் இருக்கிறது. வெளுக்கும் திரவத்திலும், மாரி வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளிலும் ஐப்போகுளோரைற்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரின் வெளிவரும்:

சோடியம் ஐப்போகுளோரைற்று + ஐதரோக்குளோரிக் அமிலம் → சோடியம் குளோரைட்டு + நீர் + குளோரின்

தவறிக் கலந்துவிட்டால் கழுவிச் சரிசெய்யப் பார்க்காமல் உடனே வெளியே வந்து கதவு யன்னலைத் திறந்து விடுங்கள்.

பயிற்சி, விடையோடு

விடையைக் கையால் மறைத்துக்கொண்டு செய்யுங்கள்.

நாக ஒட்சைட்டும் நைத்திரிக் அமிலமும்: நாக நைத்திரேற்று + நீர். நாகத்தைக் கண்டவுடன் ஐதரசன் எழுதியவர்கள் கடைசிச் சொல்லைப் பார்க்கவில்லை.

வயிற்றெரிவுக்குக் குடிக்கும் மகனீசியம் ஐதரொட்சைட்டும் இரைப்பையிலுள்ள ஐதரோக்குளோரிக் அமிலமும்: மகனீசியம் குளோரைட்டு + நீர். மாத்திரையில் கல்சியம் காபனேற்று இருந்தால் காபனீரொட்சைட்டும் சேரும், அதனால் ஏப்பம் வரும்.

டொலமைற்றும் ஐதரோக்குளோரிக் அமிலமும்: இதில் கல்சியம் காபனேற்றும் மகனீசியம் காபனேற்றும் சேர்ந்திருப்பதால் இரண்டு உப்பு வரும். கல்சியம் குளோரைட்டு + மகனீசியம் குளோரைட்டு + நீர் + காபனீரொட்சைட்டு.

எந்த இரண்டைச் சேர்த்தால் பொற்றாசியம் சல்பேற்று, நீர், காபனீரொட்சைட்டு மூன்றும் கிடைக்கும்? பின்னிருந்து முன்னுக்கு வாருங்கள். சல்பேற்று என்றால் சல்பூரிக் அமிலம். காபனீரொட்சைட்டு வந்திருப்பதால் மற்றது காபனேற்று அல்லது இருகாபனேற்று. ஆகவே பொற்றாசியம் காபனேற்று, அல்லது பொற்றாசியம் இருகாபனேற்று, இரண்டும் சரி.

செப்புச் சல்பேற்றுத் தயாரிக்க ஒரு வழி கூறுக. செம்பையும் ஐதான சல்பூரிக் அமிலத்தையும் எடுத்தால் தாக்கம் இல்லை. கறுப்புச் செப்பு ஒட்சைட்டை எடுங்கள்:

செப்பு ஒட்சைட்டு + சல்பூரிக் அமிலம் → செப்புச் சல்பேற்று + நீர்

ஐதான அமிலத்தை மெல்லச் சூடாக்கி, ஒட்சைட்டைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். கரைசல் நீலமாகும். கறுப்புத் தூள் இனிமேல் கரையாமல் அடியில் நின்றால் அமிலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். மிஞ்சிய தூளை வடிதாளில் வடித்து, கரைசலைப் பாதியாகும் வரை ஆவியாக்கி ஆறவிட்டால் நீலப் பளிங்குகள் வரும். முழுவதும் வற்றும்வரை சூடாக்கினால் பளிங்கிலுள்ள நீரும் போய் வெண்தூளாகிவிடும்.